தொடர் மின்னஞ்சலின் தலைப்பு வரி: விற்பனையில் பதிலைப் பெறும் வழி

விலைப்புள்ளி அனுப்பிய பின்னரும், மாதிரிப் பொருள் சேர்ந்த பின்னரும், நேரில் பேசிப் பிரிந்த பின்னரும் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வராதபோது, நின்றுபோன பேச்சை மேலே நகர்த்துவதற்காக விற்பவர் எழுதும் அடுத்த மடலைத் தொடர் மின்னஞ்சல் எனலாம். வணிக அலுவலகங்களில் இதற்கு ஃபாலோ அப் மெயில் என்றே பெயர். முதல் மடலைக் காட்டிலும் இதனை எழுதுவது கடினம். முதல் மடலில் சொல்வதற்குப் புதிய செய்தி இருக்கிறது. தொடர் மடலிலோ, முன்பே சொன்ன செய்தியை, அதைப் பொருட்படுத்தாதவர்போலத் தோன்றும் ஒருவரிடம், அவர் மனம் கோணாதபடி மறுபடியும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அம்மடல் உடனே திறக்கப்படுமா, பிறகு பார்க்கலாம் என ஒத்திவைக்கப்படுமா, படிக்காமலே நீக்கப்படுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்பவை அனுப்பியவரின் பெயரும் அதற்கு அடுத்து நிற்கும் தலைப்பு வரியுமே ஆகும்.

சப்ஜெக்ட் லைன் எனப் பரவலாக அறியப்படும் இத்தலைப்பு வரியைப் பற்றி வழங்கும் அறிவுரைகளுள் பல, விளம்பர மடல்களை மனத்தில் கொண்டு எழுந்தவை. ஆவலைத் தூண்ட வேண்டும், அவசரத்தைக் காட்ட வேண்டும், பெறுபவரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்பன போன்ற அவ்வறிவுரைகள், அறிமுகமற்ற பல்லாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் செல்லும் மடலுக்கு ஓரளவு பொருந்தலாம். முன்பே அறிமுகமான ஒருவருக்கு, முன்பே தொடங்கிய ஒரு பேச்சைக் குறித்து எழுதும் மடலுக்கு அவை பொருந்துவதில்லை. எந்த விவகாரம், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பெறுபவரிடமிருந்து என்ன தேவை, எந்த நாளுக்குள் தேவை என்னும் நான்கையும் மடலைத் திறப்பதற்கு முன்பே அவர் அறியச் செய்வதுதான் தொடர் மடலின் தலைப்பு வரிக்கு உரிய பணி.

அடையாளக் குறியாகத் தோன்றிய வரி

வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971இல் அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் செயல்படுத்திக் காட்டினார். மடலின் முகப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லாத அந்நாளில், ஒவ்வொரு நிலையத்து மென்பொருளும் தன் போக்கில் முகப்பை எழுதிக்கொண்டது. இந்த வேறுபாட்டைக் களைவதற்காக 1973 செப்டம்பரில் ஆர்எஃப்சி 561 என்னும் ஆவணம் வெளியாயிற்று; ஆர்எஃப்சி என்பது இணையத்தின் நெறிமுறைகளை வகுத்து, வரிசையாக எண்ணிட்டு வெளியிடப்படும் ஆவணத் தொகுதியின் பெயர். அனுப்புநர், நாள், பொருள் ஆகியவற்றை மடலின் தலையில் ஒரே சீரான வடிவில் எழுத வேண்டும் என்று அவ்வாவணம் முன்மொழிந்தது. அதை எழுதிய நால்வருள் டாம்லின்சனும், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அபய் பூஷணும் அடங்குவர்.

அலுவலகக் கடிதங்களின் மரபே கணினிக்குள்ளும் இடம்பெயர்ந்தது என இதனைக் கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதங்களின் தலையில் இன்றும் ‘பொருள்’, ‘பார்வை’ என இரு வரிகள் இடம்பெறுவதைக் காணலாம். முன்னது கடிதம் எதைப் பற்றியது என்பதையும், பின்னது அதற்கு முன் நடந்த எந்தக் கடிதத்தைத் தொட்டு எழுதப்படுகிறது என்பதையும் கூறும். கோப்பைத் தேடி எடுக்கும் எழுத்தர் முழுக் கடிதத்தையும் படிக்காமல் அதை உரிய இடத்தில் சேர்க்க அவ்விரு வரிகளே போதுமானவையாக இருந்தன. மின்னஞ்சலில் பார்வை வரிக்குத் தனி இடம் இல்லாததால், தொடர் மடலின் தலைப்பு வரி அவ்விரண்டின் பணியையும் தானே செய்ய வேண்டியதாகிறது.

விற்பனைக்கு மின்னஞ்சலைப் பயன்படுத்தும் வழக்கமும் ஏறக்குறைய அதே காலத்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி தூர்க், கலிபோர்னியாவில் நடக்கவிருந்த புதிய கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு விடுத்து, 1978 மே மாதத்தில் அர்பாநெட் பயனர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். கேட்காதவர்களுக்குக் கூட்டமாக அனுப்பப்பட்ட முதல் விற்பனை மடலாக அது குறிக்கப்படுகிறது. நிறுவனத்துக்கு விற்பனையைத் தேடித் தந்த அம்மடல், வலையமைப்பில் கடும் கண்டனத்தையும் எழுப்பியது. அன்று தொடங்கி, விற்பனை மடல் என்றாலே ஐயத்தோடு நோக்கும் மனப்பாங்கு பெறுபவரிடம் வளர்ந்து வந்திருக்கிறது. நேர்மையான தொடர் மடலும் அந்த ஐயத்தைத் தாண்டியே உள்ளே செல்ல வேண்டும்.

பெறுபவரின் திரையில் தெரிவது

மடல் வந்து சேரும் பட்டியலில் ஒவ்வொரு மடலுக்கும் மூன்று செய்திகள் தெரிகின்றன: அனுப்பியவர் பெயர், தலைப்பு வரி, மடலின் உடலிலிருந்து எடுத்துக் காட்டப்படும் தொடக்கச் சொற்கள். மூன்றாவதான அந்த முன்னோட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. ‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்’ என்று மடல் தொடங்கினால், தலைப்பு வரிக்குத் துணையாக நின்றிருக்க வேண்டிய இடத்தை அந்த நல விசாரணை எடுத்துக்கொள்கிறது. மடலின் முதல் வாக்கியமே கேள்வியாகவோ முடிவாகவோ அமையுமானால், தலைப்பில் இடம் போதாத செய்தி முன்னோட்டத்தில் தொடரும்.

கைப்பேசித் திரையில் நீண்ட தலைப்பு வரியின் பிற்பகுதி வெட்டப்படுகிறது. வெட்டு எங்கே விழும் என்பது கருவிக்கும் செயலிக்கும் எழுத்தின் அளவுக்கும் ஏற்ப மாறுவதால், இத்தனை எழுத்து என்று ஒரே வரம்பு சொல்வது பொருளற்றது. ஆனால் முதல் நான்கைந்து சொற்களுக்குள் விவகாரத்தின் அடையாளம் வந்துவிட வேண்டும் என்னும் விதி எக்கருவிக்கும் பொருந்தும். ‘நாம் சென்ற வாரம் தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக’ என்று தொடங்கும் வரியில், எதைப் பற்றிப் பேசினார்கள் என்னும் செய்தி வெட்டுக்கு அப்பால் மறைந்துபோகிறது.

மடல்களை உரையாடலாகத் தொகுத்துக் காட்டும் வசதியும் இங்கே கருதத்தக்கது. ஜிமெயில் போன்ற சேவைகள் ஒரே விவகாரத்தைப் பற்றிய மடல்களை ஓரிழையாக அடுக்கிக் காட்டுகின்றன. பழைய மடலுக்குப் பதிலாகவே தொடர் மடலை எழுதினால், முந்தைய விலைப்புள்ளியும் இணைப்புகளும் அந்த இழையிலேயே கிடைப்பதால் பெறுபவர் தேடி அலைய வேண்டியதில்லை. தலைப்பு வரியை மாற்றினால் ஜிமெயிலில் அந்த இழை அறுந்து புதிய உரையாடல் தொடங்கிவிடும். ஆகவே, அதே கேள்விக்கு விடை வேண்டும்போது பழைய தலைப்பைத் தொட வேண்டியதில்லை என்பதும், விவகாரம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டபோது, எடுத்துக்காட்டாக விலையிலிருந்து மாதிரிக்குச் சென்றுவிட்டபோது, புதிய தலைப்போடு புதிய இழை தொடங்குவது நல்லது என்பதும் நடைமுறைக்கு ஏற்ற பிரிவாகும். விலை பேசத் தொடங்கிய இழையிலேயே மாதங்கள் கழித்துச் சரக்கு அனுப்பும் நாளையும் பேசுவோர், பின்னால் ஒரு மடலைத் தேடும்போது இருபுறமும் துன்பப்படுகின்றனர்.

ஆவலும் பயனும்

தலைப்பு வரி ஆவலைத் தூண்ட வேண்டும் என்னும் கருத்துக்கு உளவியலில் ஓர் அடிப்படை உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையே உள்ள இடைவெளியை அவர் உணரும்போது ஆவல் பிறக்கிறது என்று விளக்கினார். பாதி சொல்லி மீதியை மறைக்கும் தலைப்புகள் இந்த இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்குகின்றன.

அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மின்னஞ்சலில் இது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதை ஆராய்ந்தது. தம் வேலையோடு நேரடித் தொடர்புள்ள மடல்களையும், உள்ளே என்ன இருக்கிறது என்பது ஓரளவே தெரியும் மடல்களையும் மக்கள் திறக்க முற்பட்டனர் என்பது அதன் முதல் முடிவு. வேலைச் சுமை குறைவாக இருந்தபோது ஆவலுக்கு இடமிருந்தது. மடல்கள் குவிந்து நேரம் நெருக்கியபோது பயனுள்ளது எனத் தெரிந்த மடலுக்கே கவனம் கிடைத்தது என்பது அதனினும் முதன்மையான இரண்டாவது முடிவு. வாங்கும் பொறுப்பில் உள்ளவர் பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையிலேயே இருப்பவர் ஆதலால், அவருக்கு எழுதும் தொடர் மடலில் மறைப்பைக் காட்டிலும் தெளிவே கைகொடுக்கும்.

2012ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு அனுப்பிய நிதி திரட்டும் மடல்கள் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒரே மடலுக்குப் பல தலைப்புகளைச் சிறு குழுக்களிடம் சோதித்து, வென்றதை முழுப் பட்டியலுக்கும் அனுப்பும் முறையை அக்குழு கையாண்டது; ‘ஹே’ என்ற ஒற்றை விளிச்சொல் மிக நன்றாகப் பயன்பட்டது; செலவில் எதிரணி தம்மை விஞ்சிவிடும் என்று பொருள்படும் ஒரு தலைப்பு 26 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை ஈட்டித் தந்தது. எந்தத் தலைப்பு வெல்லும் என்பதைக் குழுவினராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதும், வென்ற உத்தியும் புதுமை தேய்ந்ததும் பயன் குன்றியது என்பதும் அவ்வனுபவத்தின் பிற்பாதி. ஒரு கொள்முதல் மேலாளருக்கு நான்காம் முறையாக எழுதும் விற்பனையாளரிடம் சோதித்துப் பார்க்க வேறு குழுக்கள் இல்லை. ‘ஹே’ என்று அவர் எழுதினால் மீதி நிற்பது மரியாதைக் குறைவு மட்டுமே.

திருப்பூரின் நடைமுறை

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் திருப்பூரில் ஒரு வணிகம் பல கட்டங்களைக் கடந்தே ஆர்டராகிறது. அக்கட்டங்களுள் பெரும்பாலானவை மின்னஞ்சலில் நடப்பதால், தலைப்பு வரியின் பயனை அங்கே தெளிவாகக் காணலாம். பையர் எனப்படும் வெளிநாட்டு வாங்குநருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நின்று ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திச் செல்பவர் மெர்ச்சண்டைசர் எனப்படுகிறார். ஆடையின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ஸ்டைல் நம்பர் உண்டு. துணியின் ஒரு சதுர மீட்டர் எடையை கிராமில் குறிக்கும் ஜிஎஸ்எம், சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான செலவை உள்ளடக்கிய எஃப்ஓபி விலை, உடல் அளவுக்குப் பொருந்துகிறதா எனப் பார்க்க அனுப்பும் ஃபிட் சாம்பிள், பையர் கேட்ட நிறத்தைச் சிறு துணித்துண்டில் சாயமிட்டு ஒப்புதலுக்கு அனுப்பும் லேப் டிப், முறையான கொள்முதல் ஆணையாகிய பிஓ என அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் பையரின் பதில் தேவை. ஒன்று தாமதித்தால் அடுத்தவை அனைத்தும் தாமதிக்கும்.

மறுமுனையில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், தலைப்பு வரி எப்படி இருக்க வேண்டும் என்பது விளங்கும். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ உள்ள ஒரு பையர் அலுவலகம் திருப்பூரோடு மட்டுமன்றி வங்கதேசம், துருக்கி, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளோடும் ஒரே நேரத்தில் பல ஸ்டைல்களைப் பேசிக்கொண்டிருக்கும். அங்கே ‘நினைவூட்டல்’, ‘எங்கள் விலை குறித்து’, ‘தங்கள் பதிலை எதிர்நோக்கி’ என்னும் தலைப்புகளில் வரும் மடல்கள் யாருடையவை, எந்த ஸ்டைலைப் பற்றியவை என்பது திறந்தால்தான் தெரியும். ஸ்டைல் நம்பர் முதலில் நிற்கும் வரியோ, அந்த அலுவலகம் தன் கோப்புகளை வரிசைப்படுத்தும் முறையோடு இயல்பாகப் பொருந்திவிடுகிறது. தேடல் பெட்டியில் அந்த எண்ணை இட்டதும் தொடர்புள்ள மடல்கள் எல்லாம் வந்து நிற்கின்றன.

இம்மடல்கள் ஆங்கிலத்தில் செல்பவை எனினும், அவற்றின் அமைப்பைத் தமிழில் காட்டலாம். விலை சொல்லிப் பதில் வராத ஒரு டி-சர்ட்டுக்கு, ‘ஸ்டைல் 4821, 160 ஜிஎஸ்எம்: எஃப்ஓபி விலை மே 31 வரை மட்டும்’ என எழுதலாம். இதில் காட்டப்படும் அவசரம் பொய்யானதன்று; நூற்பாலைகள் மாதந்தோறும் நூல் விலையை மாற்றியமைக்கும் வழக்கம் உள்ளதால், மே மாதத்து நூல் விலையில் கணக்கிட்ட அடக்கவிலையை ஜூன் மாதத்துக்கும் தாங்க முடியும் என்ற உறுதி தொழிற்சாலைக்கு இல்லை. கடைசி நாள் என்பது உண்மையான காரணத்திலிருந்து பிறந்திருந்தால், அக்காரணத்தை மடலின் முதல் வாக்கியத்தில் சொல்லிவிடலாம். காரணமின்றி நாள் குறிக்கும் விற்பனையாளரின் அடுத்த கெடுவை பையர் பொருட்படுத்த மாட்டார்.

ஃபிட் சாம்பிள் போய்ச் சேர்ந்தும் பதில் இல்லாதபோது, ‘ஸ்டைல் 4821 ஃபிட் சாம்பிள்: ஜூன் 12 அன்று கிடைத்தது, அளவுக் குறிப்பு தேவை’ என்னும் வரி, கூரியர் சேர்ந்த செய்தியையும் தேவைப்படும் செயலையும் ஒருங்கே கூறுகிறது. லேப் டிப்பைப் பொறுத்தவரை ‘ஸ்டைல் 4821, கருநீலம்: ஏ, பி, சி இவற்றில் எது?’ என்று கேட்கலாம். பையர் ஓரெழுத்தில் பதில் தர முடியும் என்பது தலைப்பிலேயே தெரிவதால், கூட்டத்துக்கு நடுவே கைப்பேசியில் பார்ப்பவரும் அங்கேயே முடித்துவிட வாய்ப்புண்டு. பதிலின் அளவை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு விரைவில் அது வரும் என்பது, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மெர்ச்சண்டைசர்கள் நன்கறிந்த உண்மை.

நாளைக் குறிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 05/06 என்பதை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஜூன் 5 என்றும், அமெரிக்காவில் மே 6 என்றும் படிப்பர் ஆகையால், மாதத்தை எழுத்தால் எழுதுவதே பாதுகாப்பானது. நேர வேறுபாடும் கணக்கில் கொள்ளத்தக்கது. கோடையில் திருப்பூர் நேரம் ஜெர்மனி நேரத்துக்கு மூன்றரை மணி முந்தியிருப்பதால், காலை பத்து மணிக்கு அனுப்பும் மடல் அங்கே ஆறரை மணிக்குச் சென்று, அலுவலகம் திறப்பதற்குள் வேறு மடல்களுக்குக் கீழே இறங்கிவிடும். ‘இன்று மாலைக்குள்’ என்று தலைப்பில் எழுதினால் யாருடைய மாலை என்னும் குழப்பமும் சேரும்.

தமிழில் தலைப்பு வரி

உள்நாட்டு வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே எழுதும் நிறுவனங்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும், ஆனால் வரிசை சற்று மாறும். வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்த விலை கேட்ட ஒருவரிடம் ஸ்டைல் நம்பர் போன்ற குறியீடு எதுவும் இல்லை. அவர் மனத்தில் இருப்பது தம் வீட்டு மாடிதான். ‘விலைப்புள்ளி எண் 212 தொடர்பாக’ என்பதைவிட ‘உங்கள் வீட்டு மாடி சோலார், 3 கிலோவாட்: மின் இணைப்பு எண் தேவை’ என்பது அவருக்கு உடனே விளங்கும். 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்துக்கு விண்ணப்பிக்க அந்த எண் வேண்டும் என்பதை மடலின் முதல் வாக்கியம் விளக்கினால், கேட்பதற்கான காரணமும் சேர்ந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துகளில் தலைப்பு எழுதுவோர் ஒரு தொழில்நுட்பச் செய்தியையும் அறிந்திருப்பது நல்லது. மின்னஞ்சலின் தலைப்பகுதி முதலில் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே வகுக்கப்பட்டதால், பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆன மறைகுறியாக மாற்றி அனுப்பும் முறையை 1996இல் வெளியான ஆர்எஃப்சி 2047 வகுத்தது. அம்முறையில் ஒரு துண்டு 75 இடங்களைத் தாண்டக்கூடாது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், பேஸ்64 என்னும் வழக்கமான மறைகுறி வடிவில் ஒரு துண்டுக்குள் 15 குறியீடுகளே அடங்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். நன்கு எழுதப்பட்ட மென்பொருள் இத்துண்டுகளைப் பிழையின்றி இணைத்துக் காட்டும். மொத்தமாக அனுப்பும் தரமற்ற சில மென்பொருள்கள் ஓர் எழுத்தின் நடுவே துண்டை வெட்டிவிடுவதால் கட்டங்களும் கேள்விக்குறிகளும் தோன்றுகின்றன. புதிய மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்குவோர் நீண்ட தமிழ்த் தலைப்பு ஒன்றைத் தமக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்வது இந்த இடரைத் தவிர்க்கும்.

பொய்த் தலைப்பும் அதன் விலையும்

மடலைத் திறக்கவைக்கும் நோக்கில் சிலர் நடக்காத உரையாடலை நடந்ததுபோலக் காட்டுகின்றனர். பதில் மடலின் முன்னே மென்பொருள் சேர்க்கும் ‘ரீ’ என்னும் குறியைப் புதிய மடலின் தலைப்பில் தாமே எழுதுவதும், வேறொருவர் அனுப்பியதை முன்னனுப்புவதுபோல நடிப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. மடல் திறக்கப்படலாம்; திறந்தவர் ஏமாற்றப்பட்டதை அடுத்த நொடியே உணர்கிறார் என்பதால், அதற்குப் பின் அவர் எழுதும் பதிலில் வணிகத்துக்கு இடம் இருப்பதில்லை.

சட்டமும் இதனைத் தொடுகிறது. 2004 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம், வணிக மடலின் தலைப்பு அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் பெறுபவரைத் தவறாக எண்ணவைக்கக் கூடாது என்று விதிக்கிறது. நிறுவனங்களுக்கிடையே செல்லும் விற்பனை மடல்களுக்கும் அது பொருந்தும். மீறும் ஒவ்வொரு மடலுக்கும் விதிக்கத்தக்க அபராதம் 50,000 டாலரைத் தாண்டும். ஜெர்மனியின் நேர்மையற்ற போட்டிக்கு எதிரான சட்டமோ, முன் இசைவின்றி விளம்பர மடல் அனுப்புவதையே பொதுவாகத் தடுக்கிறது. பையர் தாமே விலை கேட்டு எழுதிய விசாரணைக்கு அனுப்பும் மடலும், யாரும் கேளாமல் அனுப்பும் மடலும் இவ்வகையில் வெவ்வேறு நிலையின. கேட்கப்பட்டதற்கான தொடர்ச்சி இது என்பதைத் தலைப்பு வரி உண்மையாகவே காட்டுமானால் அனுப்புநரின் நிலை உறுதிப்படுகிறது.

மோசடி மடல்கள் பெருகியிருப்பதும் தலைப்பு வரியின் தொனியை மாற்றவேண்டிய தேவையை உண்டாக்கியிருக்கிறது. விற்பவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தோ, அதைப்போன்ற முகவரியை உருவாக்கியோ, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வாங்குபவருக்கு எழுதிப் பணத்தைத் திசைதிருப்பும் குற்றம் ஏற்றுமதித் தொழிலில் அறியப்பட்ட ஒன்றாகும். ‘மிக அவசரம்’, ‘உடனே செயல்படவும்’, ‘இறுதி எச்சரிக்கை’ என்னும் தலைப்புகளும் வரிசையான வியப்புக்குறிகளும் அக்குற்றவாளிகளின் மொழியாகிவிட்டதால், நேர்மையான விற்பனையாளர் அவற்றைக் கையாண்டால் பெறுபவரின் ஐயத்துக்கும் வடிகட்டி மென்பொருளின் ஐயத்துக்கும் ஒருசேர ஆளாகிறார். தலைப்பில் ஸ்டைல் நம்பரும் பழைய இழையும் இருப்பது, மடல் உண்மையானது என்பதற்குச் சிறு சான்றாகவும் உதவும். எனினும் கணக்கு மாற்றம் போன்ற செய்திகளைத் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளும் தேவையை அது நீக்கிவிடாது.

எதைக் கொண்டு அளப்பது

தலைப்பு வரியின் வெற்றியைத் திறப்பு விகிதத்தால் அளக்கும் வழக்கம் நெடுநாளையது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது பெறுபவரின் கருவியில் இறங்கியதும் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கிடுவது அதன் வழிமுறை. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, பயனர் மடலைத் தொடாதபோதும் அப்படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்கப்படாத மடலும் திறக்கப்பட்டதாகவே பதிவாகிறது. நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களும் மடல்களை முன்னதாகச் சோதிக்கும்போது இதே பிழை நேர்கிறது. ‘எங்கள் மடலைத் தாங்கள் மூன்று முறை திறந்ததாகத் தெரிகிறது’ என்று எழுதும் விற்பனையாளர், தவறான தகவலைச் சொல்வதோடு வாடிக்கையாளரை வேவு பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறார்.

தொடர் மடலுக்குத் தக்க அளவுகோல் பதிலே. அனுப்பிய மடல்களுள் எத்தனைக்குப் பதில் வந்தது, எத்தனை நாளில் வந்தது, கேட்ட கேள்விக்கு விடையாக வந்ததா என்பதை எளிய அட்டவணையில் குறித்துவந்தால், எந்த வகை வரி தம் வாடிக்கையாளரிடம் பயன்படுகிறது என்பது சில மாதங்களில் புலப்படும். வேண்டாம் என்னும் பதிலும் இந்தக் கணக்கில் ஆதாயமே. அந்த ஆர்டருக்காக ஒதுக்கிவைத்த துணியையும் இயந்திர நேரத்தையும் வேறு ஆர்டருக்குத் திருப்ப முடியும்.

எப்போது நிறுத்துவது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. இரண்டு மூன்று மடல்களுக்குப் பிறகும் பதில் இல்லையெனில், குறையை வாடிக்கையாளர்மேல் ஏற்றாமல் விவகாரத்தை முடித்துவைக்கும் வரி ஒன்றை எழுதலாம்: ‘ஸ்டைல் 4821: ஜூலை 10க்குப் பின் கோப்பை மூடுகிறோம், மீண்டும் தேவைப்பட்டால் தெரிவிக்கவும்’. மறந்துபோன பையருக்கு இது ஒரு வாய்ப்பைத் தருகிறது. வேறிடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டுச் சொல்லத் தயங்குபவருக்கோ சங்கடமின்றி விலக வழி விடுகிறது. இவ்வாறு முடித்த பின் மறுவாரமே மற்றொரு நினைவூட்டல் அனுப்பினால், முந்தைய வரியின் சொல் மதிப்பிழந்துவிடும்.

மடலை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் தலைப்பை நிரப்புவதே பலருடைய பழக்கம்; அதை மாற்றித் தலைப்பு வரியை முதலில் எழுதினால் மற்றொரு நன்மையும் விளைகிறது. விவகாரம், கட்டம், தேவை, நாள் என்னும் நான்கையும் ஒரே வரியில் எழுத முயலும்போது, சில வேளைகளில் மூன்றாவதும் நான்காவதும் கிடைக்காமல் போகும்; வாடிக்கையாளரிடம் கேட்பதற்குத் தம்மிடம் திட்டமான எதுவும் இல்லை, வெறும் கவலையே அம்மடலை எழுதத் தூண்டுகிறது என்பது விற்பவருக்கு அப்போது தெரியவரும். அந்த நிலையில் மடலை நிறுத்திவைத்து, புதிய நூல் விலை, திருத்திய மாதிரி, காலியாகும் இயந்திர நேரம் என வாடிக்கையாளருக்குப் பயன்படும் செய்தி ஒன்று கைக்கு வரும்வரை காத்திருப்பதே, அடுத்த மடலுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டும்.